விருந்தினர் நிறைந்த கோடையில் எங்களுக்கென்று ஒரு நாள் வேண்டும்

கேள்வி: நானும் என் கணவரும் தூத்துக்குடியில் வசிக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. அவர் துறைமுகம் சார்ந்த பணியில் இருக்கிறார். தேர்வுகள் முடிந்ததும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நாத்தனார்கள் பிள்ளைகளுடன் வந்துவிடுவார்கள். அவர்கள் இருக்கும்போதே நாகர்கோவிலிலிருந்து என் பெற்றோரும் வருவார்கள். வருகிறவர்களையெல்லாம் கொடைக்கானலுக்கு அழைத்துப் போவது, ஞாயிறுதோறும் கொல்லைப்புறத்தில் கரி அடுப்பு மூட்டி மீனும் நண்டும் சுடுவது என்றே கோடை கழிகிறது. எல்லோரையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மீன் கழுவுவதிலும் பாய் விரிப்பதிலும் என் விடுமுறை தீர்ந்துபோகிறது. கணவரோடு தனியாக உட்கார்ந்து பேச ஒரு மாலைகூடக் கிடைப்பதில்லை. சென்ற ஆண்டு சூரை மீன் சாப்பிட்ட நாத்தனார் மகனுக்கு முகம் சிவந்து தடித்துவிட, என் சமையலைத்தான் குறை சொன்னார்கள். இந்த ஆண்டு கணவர் பெரிய கிரில் அடுப்பு ஒன்றை வாங்கியிருக்கிறார்; மலைக்கும் கொண்டுபோகலாம் என்கிறார். எல்லாவற்றையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால், குடும்பத்தைப் பிரிக்கிறவள் என்ற பெயர் வருமோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் யார் வருகிறார்கள், எங்கே போகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது, இவற்றை யார் முடிவு செய்தார்கள் என்பதைத்தான் எங்கும் காணவில்லை. ஆசிரியைக்கு மே மாதம் விடுமுறை என்பதால் அந்த மாதம் முழுவதும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு உரியது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், நீங்களும் மறுத்துச் சொல்லவில்லை. உங்கள் களைப்புக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே யாரையும் வரவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து தேதிகளை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன்பின் அவர்களை அழையுங்கள். அக்கா தங்கையரிடம் அவர் பேசட்டும், பெற்றோரிடம் நீங்கள் பேசுங்கள். நாத்தனாரிடம் நீங்கள் சொன்னால் குற்றமாகத் தெரிகிற அதே செய்தி, தம்பியோ அண்ணனோ சொல்லும்போது வெறும் ஏற்பாடாகத் தெரியும். நம் குடும்பங்களில் இது பெரிய வேறுபாடு.

தேதி குறிக்கும்போது கடலையும் மலையையும் சேர்த்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது தூத்துக்குடியில் வாழும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த வாரங்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன்தான் புதிதாகக் கிடைக்கும்; விலையும் கூடியிருக்கும்; மற்றவை பெரும்பாலும் வெளியூரிலிருந்து ஐஸில் வருபவை. அப்படிப்பட்ட மாதத்தில் ஞாயிறுதோறும் பெருங்கூட்டத்துக்கு மீன் சுடுவது பணத்துக்கும் உடம்புக்கும் ஒவ்வாதது. எல்லோரும் சேர்ந்திருக்கும் ஒரே நாளில் ஒரே விருந்து போதும். அன்று தெரேஸ்புரத்தில் விடியற்காலையில் நாட்டுப்படகு கரையேறும்போது உங்கள் கணவரும் நாத்தனாரின் கணவரும் நேரில் நின்று வாங்கி வரட்டும்.

கொடைக்கானல் விஷயத்தில் உங்கள் வழக்கமே எனக்கு வியப்பாக இருக்கிறது. கோவையிலிருந்து பழனி வழியாக மலையேறக்கூடியவர்கள் தூத்துக்குடிவரை வந்து, பிறகு உங்களையும் அழைத்துக்கொண்டு மதுரை, வத்தலக்குண்டு என்று மீண்டும் வடக்கே போவானேன்? சென்னையில் இருப்பவர்களும் இரயிலில் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி மேலே போகலாம். எல்லோரும் ஒரே தேதியில் மலையிலேயே சந்தித்துக்கொண்டால், அங்கே யாரும் யாருக்கும் விருந்தளிப்பவர் இல்லை. நீங்களும் மற்றவர்களைப் போல ஏரியைச் சுற்றி நடக்கலாம். உங்கள் பெற்றோரையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொண்டால் இரண்டாம் முறை ஏறவேண்டியதில்லை. 2024 மே மாதம் முதல் அங்கே செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்ததையும், 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு விதித்ததையும் நினைவில் கொண்டு, வார நாட்களைத் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முன்னிருக்கைக்கு அருகில் அமர்த்தி, வயிறு நிறைய உண்ணாமல் ஏற்றுவது நல்லது.

அந்தக் கிரில் அடுப்பு மலைக்குப் போகவேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சுமையைக் கருதி இதைச் சொல்லவில்லை. இரவுக் குளிரில் கனலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கரியிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர்கள் உறக்கத்திலேயே உயிரிழக்கக்கூடும். கொல்லைப்புறத்திலும் திறந்த வெளியில் மூட்டி, முடிந்ததும் நீரூற்றி முழுவதுமாக அணைத்துவிட வேண்டும்.

இனி அந்தச் சூரை மீன். கடிதத்தை மட்டும் படித்து உறுதி கூற இயலாது. ஆனால் சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்கள் பிடிபட்டபின் வெயிலிலோ, போதிய ஐஸ் இல்லாமலோ கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகிவிடும். அதன்பின் எவ்வளவு நேரம் சுட்டாலும் பொரித்தாலும் அது அழிவதில்லை. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவப்பது, அரிப்பு, தலைவலி எல்லாம் வரும். பார்ப்பவர்கள் ஒவ்வாமை என்றோ சமையல் சரியில்லை என்றோ நினைப்பார்கள். அப்படி இருந்தால் பிழை மீன் வைக்கப்பட்ட விதத்தில்தான், உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை. ஆயினும் பிள்ளையை ஒருமுறை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், ஏனெனில் உண்மையான மீன் ஒவ்வாமையும் இப்படியே தொடங்கலாம்; இறாலிலும் நண்டிலும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதே கிரில் கம்பிவலையில் சுட்ட வேறு உணவுகூட ஆகாது. வீட்டுக்கு வந்ததும் மீனை ஐஸில் புதைத்து வையுங்கள். மசாலா தடவியதையும் அடுப்புக்குப் போகும்வரை குளிரிலேயே வையுங்கள். நண்டை உயிரோடு வாங்கி அன்றே சமைத்துவிடுங்கள்.

கிரில் வாங்கிய ஆர்வம் உங்கள் கணவருக்கு இருக்கிறது. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் சுடுவது மட்டும் விருந்தாகாது. செதில் எடுப்பது, இறால் உரிப்பது, வாழை இலை போடுவது, பாத்திரம் கழுவுவது, மறுநாள் கொல்லையில் மீன் கழிவைப் புதைப்பது என்று அதற்கு முன்னும் பின்னும் நீளும் வேலைதான் உங்களை வாட்டுகிறது. அடுப்பின் முன் நிற்பவரே அன்றைய சமையல் முழுவதற்கும் பொறுப்பு என்று அவரிடம் சொல்லுங்கள். நாத்தனார்களிடம் உதவி கேட்கவும் தயங்காதீர்கள். பிறந்த வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இறால் உரிப்பது அவர்களுக்கும் மகிழ்ச்சியாகவே இருக்கும்.

குடும்பத்தில் மூத்தவர்கள் முதலாண்டில் முகம் வாடலாம். அதற்காக முடிவை மாற்றாதீர்கள். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்து எல்லோரும் ஊர் திரும்பியபின், குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஒரு சனி, ஞாயிறு நீங்கள் இருவர் மட்டும் போய் வாருங்கள்; வெள்ளம் மிகுந்து அருவியில் குளிக்கத் தடை விதித்தாலும் பயணத்தைக் கைவிடவேண்டாம். அந்தத் தேதியையும் மற்றத் தேதிகளோடு இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் வீட்டில் இருக்கமாட்டோம் என்பதைத் தம் உடன்பிறந்தாரிடம் தெரிவிக்கும் பொறுப்பும் உங்கள் கணவருடையதே.