பாடியவர் பெயர் எங்கே?

கேள்வி: புதுச்சேரி இளைஞர்கள் நடத்தும் சிறிய லேபிள் ஒன்று வெளியிட்ட பாட்டுத் தொகுப்பைச் சென்ற இதழில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நம்பி வாங்கிக் கேட்டேன். பாதி ஹிப் ஹாப். அதுவும் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல இருக்கிறது. மீதியில் நம் நடவுப் பாட்டையும் தாலாட்டையும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். கிராமியப் பாட்டு அப்படியே இருக்க வேண்டாமா? இதற்கா பாராட்டு?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: காசு கொடுத்து வாங்கிக் கேட்டீர்களே, முதலில் அதற்கு நன்றி. பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடவில்லை என்றால் அதற்குப் பைசா கிடையாது. 2024லிருந்து அதுதான் விதி. உங்களைப் போல நூறு பேர் விலை கொடுத்து வாங்கினால்தான் இப்படிப்பட்ட லேபிள்கள் அடுத்த தொகுப்பைப் பற்றி யோசிக்கவே முடியும்.

ஆனால் 'அப்படியே' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இருக்கிறது. வரப்பில் நின்று நடவுப் பாட்டை நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது? நான் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. நடவு இயந்திரம் வந்துவிட்டது. ஆள் வைத்து நடும் வயலிலும் வரப்பில் வைத்த செல்போனில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. பாடத் தெரிந்த அம்மாக்கள் பலர் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நாம் விட்டுவைத்த பாட்டு, நம் கண்ணெதிரே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் போக, அந்தப் பாட்டு என்றைக்கு அப்படியே இருந்தது? முன்பாட்டு பாடுகிறவர் வயலுக்கு வயல் அடியை மாற்றுவார். பண்ணைக்காரர் கூலியைக் குறைத்தால் அன்றைக்குப் பாட்டில் அவர் தலை உருளும். மாறிக்கொண்டே இருந்ததால்தான் அது இத்தனை நாள் உயிரோடு இருந்தது.

வெட்டி ஒட்டுவதைக் குற்றமாகச் சொல்கிறீர்கள். ஹிப் ஹாப் பிறந்ததே அப்படித்தான். 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸில் நடந்த ஒரு விருந்தைத்தான் அதன் பிறந்தநாளாகச் சொல்வார்கள். அங்கே பாட்டுப் போட்ட கூல் ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, டிரம் மட்டும் ஒலிக்கும் இடத்தை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கொண்டே போனவர். கிராமிய வாத்தியங்களை வெட்டி மின்னணு இசையில் கோப்பதும் நம் பையன்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. லண்டனைச் சேர்ந்த கீரன் ஹெப்டன், ஃபோர் டெட் என்ற பெயரில் 2001லும் 2003லும் வெளியிட்ட ஆல்பங்களைக் கேட்டு, அந்த வகைக்கு 'ஃபோக்ட்ரானிக்கா' என்ற பெயரையே பத்திரிகைகள் ஒட்டிவிட்டன.

சரி, தூக்கக் கலக்கம் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 1988இல் அக்காய் கம்பெனி எம்பிசி என்று ஒரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரோஜர் லின் வடிவமைத்தது. சதுரச் சதுரமான ரப்பர் பட்டன்களை விரலால் தட்டினால் பீட் பதிவாகும். நீங்கள் கொஞ்சம் முன்னே பின்னே தட்டினாலும் அதுவே இழுத்துச் சரியான இடத்தில் உட்காரவைத்துவிடும். அமெரிக்காவின் டெட்ராயிட்டைச் சேர்ந்த ஹிப் ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா, அந்த வசதியைப் பல நேரம் அணைத்துவிட்டு, கை விழுந்த இடத்திலேயே தாளத்தை விட்டுவைத்தார். ஒரு தட்டு இம்மி முந்தும், அடுத்தது இம்மி பிந்தும். 2006 பிப்ரவரியில், தம் 32 வயதில், அவர் இறந்துபோனார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் படிக்கும்போது ஓடவிடுகிற மெதுவான பீட்டுகளில் பல அவர் காட்டிய வழியில் வந்தவை. உங்கள் காதுக்குக் கலக்கமாகப்பட்டது அந்தத் தள்ளாட்டம்தான். நடவுப் பாட்டிலும் அதே தள்ளாட்டம் உண்டு. முன்பாட்டு முடியும் முன்பே நாலு குரல் வந்து விழும், ஒரு குரல் பின்னால் இழுபடும். குனிந்து நடுகிற கை எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நம் ஊர்ப் பையன்களுக்குத் தோன்றியதே, அதைத்தான் பாராட்டினேன்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது இந்தத் தொகுப்பைக் கேட்டேன். ரெட்டிச்சாவடி தாண்டி ஆறாவது பாட்டு வந்தது. பாகூர்ப் பக்கத்து வயலில் செல்போனிலேயே பதிவு செய்த குரல். முதல் ஒன்றரை நிமிஷத்துக்குப் பீட்டே கிடையாது. சேற்றுத் தண்ணீர் சளக் சளக் என்கிறது, கண்ணாடி வளையல் உரசுகிறது, ஒரு அம்மா பாடுகிறார். இரண்டாவது அடியில் அவருக்கு இருமல் வருகிறது. அதை வெட்டி எறிவது ஒரு நொடி வேலை, அவர்கள் வெட்டவில்லை. அந்த இருமல் முடிந்து அவர் மூச்சு இழுக்கிற இடத்தில்தான் அடியிலிருந்து கனமான ஒரு பேஸ் ஒலி எழும்புகிறது. கிருமாம்பாக்கம் வருவதற்குள் அதையே மூன்று முறை கேட்டுவிட்டேன். கெடுக்க நினைப்பவன் இருமலுக்கு இடம் விடமாட்டான், ஐயா.

ஆனால் நீங்கள் கோபப்பட வேண்டிய ஒன்று இந்தத் தொகுப்பில் இருக்கிறது. பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். பீட் போட்டவர், ராப் பாடிய நாலு பேர், மிக்ஸிங் செய்தவர், அட்டைப்படம் வரைந்தவர், எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. ஆறாவது பாட்டுக்கு நேரே 'குரல்: கிராமத்துப் பெண்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். சென்ற இதழில் இதைக் கவனித்து எழுதாமல் விட்டது என் தவறு.

தொகுப்பாளர்களிடம் போனில் கேட்டேன். "அவங்க பேரைக் கேட்கத் தோணல சார்" என்றார்கள். பாட்டு பரம்பரையாக வருவது, யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னார்கள். பாட்டுக்கு அது பொருந்தும். பாடியவருக்குப் பொருந்தாது. பாடுகிறவருக்கு, தான் பாடியதன் மீது உரிமை உண்டு என்று 1994லேயே நம் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கு அதன் ஆயுள் 50 வருஷம். பாடியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும், வியாபாரத்துக்குப் பயன்பட்டால் ராயல்டியும் 2012 திருத்தத்தில் வந்தன. சினிமாவில் பாடுகிற பிரபலத்துக்கும் பாகூர் வயலில் பாடுகிற அம்மாவுக்கும் ஒரே சட்டம்தான்.

ஹிப் ஹாப் பிரியர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் இசைத்தட்டு ஒன்றில், கிரிகரி கோல்மன் என்பவர் ஆறேழு நொடி தனியாக டிரம் வாசித்தார். அந்தத் துண்டை வெட்டி ஆயிரக்கணக்கான பாட்டுகளில் போட்டுக்கொண்டார்கள். கோல்மன் 2006இல் வறுமையில் செத்துப்போனார். அந்த டிரம் துண்டுக்காக அவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை. 2015இல்தான் ரசிகர்கள் தாங்களாகவே 24,000 பவுண்டு திரட்டிக் குழுத் தலைவரிடம் கொடுத்தார்கள். அந்தக் கதை தெரிந்த பிள்ளைகளே பாகூர் வயலிலும் அதையே செய்யலாமா?

அந்த வயல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். போய் அந்த அம்மாவைப் பார்த்து, பாட்டைப் போட்டுக் காட்டி, சம்மதம் கேட்டு, சேர வேண்டிய பங்கைக் கொடுத்துவிட்டு வரட்டும். இணையத்தில் பெயரைச் சேர்க்க ஐந்து நிமிஷம் ஆகும். அச்சான அட்டைகளுக்கு ஒரு துண்டுச் சீட்டு அடித்து உள்ளே வைக்கலாம். செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி கேட்பேன். அவர் சம்மதித்தால் அந்தப் பெயரை இதே பக்கத்தில் போடுகிறேன். அதற்குள் நீங்கள் ஆறாவது பாட்டை இன்னொரு முறை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அந்த இருமல் வருகிற இடம் வரைக்குமாவது கேளுங்கள்.