புல்லட் ரயில் வரும் என்று மனை வாங்கலாமா?

கேள்வி: ஆற்காட்டில் வசிக்கிறேன், ஸ்ரீபெரும்புதூரில் வேலை. நெடுஞ்சாலை நெரிசலில் போய்வரவே தினமும் நான்கு மணி நேரம் ஆகிறது. சென்னை–பெங்களூரு புல்லட் ரயில் நிலையம் அரக்கோணம் அருகே வரப்போவதாகச் சொல்லி, அங்குள்ள மனை ஒன்றுக்குத் தரகர் 2 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம்.

சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையிலான ஏறத்தாழ 350 கிலோமீட்டர், அதிவேக ரயிலுக்கென்றே அளந்து வைத்தாற்போன்ற தூரம். வாலாஜாபேட்டை வரையிலான சாலையை ஆண்டுக்கணக்கில் தோண்டிப்போட்டுவிட்டுச் சுங்கக் கட்டணத்தை மட்டும் தவறாமல் வசூலித்ததைக் கண்டு, 2020இல் சென்னை உயர் நீதிமன்றமே கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. அதற்குப் பிறகும் சாலையில் இன்னொரு தடம் சேர்த்தால் நெரிசல் தீரும் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஆனால், அந்த ரயில் நாட்டுக்குத் தேவை என்பது வேறு, அதனால் உங்கள் மனைக்கு விலை ஏறும் என்பது வேறு. ஸ்ரீபெரும்புதூருக்குச் சாதாரண ரயிலே இன்னும் வந்தபாடில்லை. ஆவடி–ஸ்ரீபெரும்புதூர்–கூடுவாஞ்சேரி பாதை பல ஆண்டுகளாகக் காகிதத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தகைய மனை விற்பனைக்கான விளம்பரத் தாள் ஒன்றில் ரயில் பாதையைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் இழுத்திருந்தார்கள். வரைபட அளவின்படி அந்தக் கோட்டின் பருமனே அரை கிலோமீட்டர் வரும். மும்பை–அகமதாபாத் பாதைக்குத் தேவைப்பட்ட நிலத்தின் அகலமோ 17.5 மீட்டர்தான். அந்த 508 கிலோமீட்டருக்கும் சேர்த்து 12 நிலையங்களே உள்ளன. சராசரியாக 46 கிலோமீட்டருக்கு ஒன்று. இடையில் மனை வைத்திருப்பவருக்குத் தூண்கள்மேல் ஓடும் ரயிலின் இரைச்சல்தான் மிச்சம். அங்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நிலமெடுப்பு முடியவே 2024 ஜனவரி ஆயிற்று.

தரகரிடம் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கேளுங்கள். நிலமெடுப்புக்கான அறிவிக்கை வரவில்லை என்றால், பாதை எங்கே போகும் என்பது அவருக்கும் தெரியாது. வந்துவிட்டது என்றால், 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி அதில் அடங்கிய நிலத்தை விற்கவே கூடாது. "விலையைக் குறைத்துப் பதியுங்கள், முத்திரைத் தீர்வை மிச்சம், அரசு எடுத்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும்" என்பார்கள். இழப்பீட்டைக் கணக்கிடும்போது அதிகாரிகள் பார்ப்பது பதிவான விலையைத்தான், நீங்கள் ரொக்கமாகக் கைமாற்றியதை அல்ல.

அங்கீகாரம் பெறாத மனையைப் பதிய முடியாது என்பது பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு. இதற்கு ஒரு விலக்கு உண்டு; தரகர்கள் தொங்கிக்கொண்டிருப்பது இதில்தான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். 2016 அக்டோபர் 20க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால், அதை மறுபடியும் பதியலாம். அப்படிப் பதிவாகியிருக்க வேண்டியது அதே மனை. அந்த மனை வெட்டப்பட்ட தாய் நிலம் அல்ல. பத்திரத்தின் தேதியை மட்டும் காட்டினால் மயங்கிவிடாதீர்கள்; கடைசிப் பக்கங்களில் உள்ள சொத்து விவரத்தை வரிவரியாகப் படியுங்கள். அண்மையில் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த 2011ஆம் ஆண்டுப் பத்திரத்தில் "புஞ்சை ஏக்கர் 1.42" என்றுதான் இருந்தது, அதைத்தான் 28 மனைகளாகக் கல் நட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்.