அந்த எக்ஸ்.எல். யாருடைய அளவு?

கேள்வி: எனக்கு வயது 41. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னதால் சோற்றைக் குறைத்து, தினமும் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் ஒரு மணி நேரம் நடந்து, ஏழு மாதத்தில் 79 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு வந்திருக்கிறேன். சென்ற மாதம் திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிய பனியன் துணி டாப்ஸ் ‘எம்’ அளவிலேயே சரியாக இருந்தது. மகிழ்ச்சியில் அன்று இரவு தூக்கமே வரவில்லை. அடுத்த வாரம் ஈரோட்டில் ஒரு கடையில் காட்டன் சுடிதார் எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் ‘எக்ஸ்.எல்.’ கையிலேயே ஏறவில்லை. மாற்றப் போனபோது கடைப் பெண், “அக்கா, உங்களுக்கு டபுள் எக்ஸ்.எல். தானுங்க” என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டாள். மாற்றாமலே வந்துவிட்டேன். நான்கு நாட்கள் நடக்கவும் போகவில்லை. நான் உண்மையிலேயே மெலிந்திருக்கிறேனா? என் அளவு எது? தை மாதம் சித்தப்பா மகனின் திருமணத்தில் மாப்பிள்ளைக்குச் சகோதரி முறையில் செய்யும் இணைச்சீர்ச் சடங்கை நான் செய்ய வேண்டும். அதற்குள் இன்னும் குறைந்துவிடுவேன் என்று இப்போதே சிறிய அளவில் உடை எடுத்து வைக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மெலிந்திருக்கிறீர்கள். எடைக்கருவி ஒன்பது கிலோ குறைந்துவிட்டது என்று காட்டும்போது, சுடிதாரின் கழுத்தில் தைத்திருக்கும் விரல் நகத்தளவு துணித்துண்டுக்கு அதை மறுத்துப் பேச எந்த அதிகாரமும் கிடையாது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ என்பது மருத்துவர்கள் விரும்பும் நிதானமான வேகம்தான். ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தவுடன் வாய்க்கால் கரைக்குப் போய்விடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இந்தப் பகுதியை எழுத வருவதற்கு முன்னால் பல ஆண்டுகள் நான் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பிரிவில் இருந்தவள். கையில் இஞ்சு டேப்போடு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பீஸ்களை அளந்து தள்ளிய அனுபவத்தில் சொல்கிறேன், ‘எம்’, ‘எக்ஸ்.எல்.’ என்பவை அளவுகளே அல்ல. படி, பக்கா என்று ஊருக்கு ஊர் வேறு வேறு முகத்தல் இருந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா, துணி உலகம் இன்னும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னுடைய அளவுப் பட்டியலைத் தானே எழுதி அனுப்புகிறது. கட்டிங் மாஸ்டர் அந்தப் பட்டியலுக்குத்தான் பேட்டர்ன் வெட்டுகிறார். ‘எம்’ என்ற எழுத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பது அந்தப் பட்டியலை எழுதியவரின் விருப்பம். ஒருமுறை இரண்டு நாடுகளுக்குப் போக வேண்டிய ‘எம்’ டி-சர்ட்டுகளை ஒரே மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்துப் பார்த்தோம். ஒன்றுக்குள் இன்னொன்றை வைத்துப் பொட்டலம் கட்டிவிடலாம் போல இருந்தது.

எண்ணில் போட்டால் மட்டும் ஒழுங்கு வந்துவிடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் 40 என்று எழுதும் பெண்கள் உடைக்குப் பிரான்ஸில் 42, இத்தாலியில் 46 என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவில் 1939, 1940 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து, அந்தக் கணக்கை வைத்து 1958-இல் அரசே ஒரு பொது அளவை வெளியிட்டது. நிறுவனங்கள் அதைச் சரிவர மதித்துப் பின்பற்றாத நிலையில் 1983-இல் அதைக் கைவிட்டும் விட்டது. அதற்குப் பின் கடைக்காரர்கள் ஒரு சூட்சுமத்தைக் கண்டுகொண்டார்கள். உடையைச் சற்றுப் பெரிதாகத் தைத்துச் சிறிய எண்ணை ஒட்டினால் வாங்குபவர் முகம் மலர்கிறது, மலர்ந்த முகம் பணப்பையைத் திறக்கிறது. காதர்பேட்டை ‘எம்’ உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு மகிழ்ச்சி தந்ததற்கும் இதில் ஒரு பங்கு இருக்கக்கூடும் என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். நம் நாட்டுக்கென்று ஓர் அளவு வேண்டும் என்று தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், ஆறு நகரங்களில் 25,000 பேரை உடல் வருடிக் கருவியால் அளக்கும் பணியை எடுத்துக்கொண்டது. அந்த ஆறு நகரங்களில் திருப்பூர் இல்லை. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவர்கள் நாம். நம்மை யாரும் வந்து அளக்கவில்லை!

பட்டியல் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு பீஸ் ஒன்றுபோல இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உடையைத் தரையில் விரித்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளப்பதுதான் எங்கள் வழக்கம். அதில் ஒரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருந்தால் பெரும்பாலான ஆர்டர்களில் ‘பாஸ்’ போட்டுவிடுவோம். விரித்த நிலையில் ஒரு சென்டிமீட்டர் என்றால் சுற்றளவில் இரண்டு. ஒரு பீஸ் இரண்டு கூட, இன்னொன்று இரண்டு குறைய என்று இரண்டுமே தேறிப் பெட்டிக்குள் போனால், ஒரே லேபிள் உள்ள அந்த இரண்டுக்கும் இடையே நான்கு சென்டிமீட்டர் இடைவெளி. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வித்தியாசமே பல பட்டியல்களில் அவ்வளவுதான். இதோடு துணியின் குணமும் சேர்ந்துகொள்கிறது. ரோலாகச் சுற்றி வரும் பின்னல் துணி இழுபட்ட நிலையில் இருக்கும். அதைப் பிரித்து ஒரு நாளாவது ஆறப் போட்ட பிறகே வெட்ட வேண்டும். கப்பல் தேதி நெருங்கிவிட்டால் ஆறப் போடுவதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அப்படி வெட்டித் தைத்தது முதல் சலவையில் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே நூறு சென்டிமீட்டர் மார்புச் சுற்று தொண்ணூற்றைந்தாகிவிடும். கடையில் சரியாக இருந்தது, இரண்டு முறை துவைத்தபின் பிடிக்கிறது என்றால், உடம்பைச் சந்தேகப்படுவதற்கு முன் துணியைச் சந்தேகப்படுங்கள்.

இனி உங்கள் இரண்டு உடைகளுக்கு வருகிறேன். காதர்பேட்டையில் கிடைத்தது பனியன் துணி, அதாவது பின்னல் துணி. கண்ணி கண்ணியாகக் கோத்தது என்பதால் உடம்பு கேட்கும் இடத்தில் விரிந்து கொடுக்கும்; லைக்ரா என்னும் இழுபடும் நூல் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே வருவதில் பெரும்பகுதி ஏற்றுமதி போக மீந்த சர்ப்ளஸ். நிறுவனத்தின் பெயர் லேபிளை வெட்டி எடுத்துவிட்டு அளவுத் துண்டை மட்டும் விட்டிருப்பார்கள். எந்த நாட்டுக்காரருக்காக, தொளதொளப்பாகத் தைத்ததா உடம்பை ஒட்டித் தைத்ததா என்பதை அந்த ஒற்றை எழுத்து சொல்லாது. ஈரோட்டில் எடுத்ததோ தறியில் நெய்த காட்டன். பாவும் ஊடும் குறுக்கே கோத்து நிற்பதால் அது அரை இஞ்சுகூட விட்டுக்கொடுக்காது. நெய்த துணியில் மார்புச் சுற்றைவிட இரண்டு மூன்று இஞ்சு தாராளம் விட்டுத் தைத்தால்தான் கையைத் தூக்கிக் கூந்தலை முடிய முடியும். அந்தத் தாராளத்தைக் குறைத்து அதே துணியில் கூடுதலாகப் பீஸ் எடுக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. குர்த்தியில் 40 என்று போட்டிருந்தால், சில தயாரிப்பாளர்களுக்கு அது உடம்பின் மார்புச் சுற்று, சிலருக்குத் தைத்து முடித்த உடையின் சுற்று. ஒரே எண்ணில் முழுதாக ஓர் அளவு மாறிப் போவதற்கு இதுவே போதும். உங்களுக்குக் கையில்தான் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கை உடம்பின் எடையில் ஒரு சிறு பகுதி. ஆயத்த உடைகளில் கைச்சுற்று எப்போதுமே கஞ்சத்தனமாகத்தான் வெட்டப்படுகிறது. களத்து வேலையும் வீட்டு வேலையும் செய்து உரமேறிய கை எத்தனை கிலோ குறைந்தாலும் அந்தக் குழாய்க்குள் நுழையத் தயங்கும்.

உடம்பும் எல்லா இடத்திலும் ஒரே கணக்கில் இளைப்பதில்லை. சிலருக்கு முகமும் கழுத்தும் முதலில் வற்றும், சிலருக்கு வயிறு. பல பெண்களுக்குத் தொடையும் இடுப்புக்குக் கீழும் கடைசி வரை பிடிவாதமாக நிற்கும். டாப்ஸில் இரண்டு அளவு இறங்கிவிட்டு பேன்ட்டில் ஓர் அளவுகூட இறங்காமல் இருப்பது இதனால்தான். மேலும், காலை இருந்த வயிறு மாலையில் இருக்காது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும், உப்புக் கண்டமோ ஊறுகாயோ கூடிவிட்ட மறுநாளும் உடம்பில் நீர் நிற்கும். அது கொழுப்பு அல்ல, ஓரிரு நாளில் வடிந்துவிடும். மதியம் விருந்துச் சாப்பாடு முடித்துவிட்டுத் துணிக்கடைக்குப் போகும் நம் வழக்கத்தைப் போல அளவு பார்க்க மோசமான நேரம் வேறில்லை.

ஆகவே உங்கள் அளவு எது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கிடையாது, இஞ்சில்தான் உண்டு. தையல் சாமான் கடையில் ஒரு புது டேப் வாங்கிக்கொள்ளுங்கள்; பழைய துணி டேப் நாளடைவில் நீண்டுவிடும், அது காட்டும் மெலிவு பொய். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, டெய்லர்கள் ‘சீட்’ என்று சொல்லும் பின்புறச் சுற்று, மேல்கைச் சுற்று ஆகிய நான்கையும் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வையுங்கள். இவற்றில் இடுப்பு உங்கள் மருத்துவருக்கும் வேண்டிய எண். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குமேல் போனால் சர்க்கரைக்கு வழி திறக்கும் என்பது மருத்துவக் கணக்கு. இப்போது நீங்கள் அதற்கு மேலே இருந்தாலும் கலங்க வேண்டாம், அந்த எண் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதே முக்கியம்.

டேப்பைவிட நம்பகமான சாட்சி ஒன்று உங்கள் பீரோவிலேயே இருக்கிறது. டெய்லரிடம் மாதிரிக்குக் கொடுக்கும் அளவு ஜாக்கெட்டைச் சொல்கிறேன். ஏழு மாதத்துக்கு முன் தைத்ததை எடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் எவ்வளவு துணி விரலில் பிடிபடுகிறது என்று கவனியுங்கள். பக்கத் தையலைக் கால் இஞ்சு உள்ளே தள்ளினால் முன்துணியிலும் பின்துணியிலுமாக ஒரு பக்கம் அரை இஞ்சு, இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு இஞ்சு குறையும். அந்தக் கணக்கில், எத்தனை கால் இஞ்சு பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது நீங்கள் நடந்த நடைக்கு எந்தக் கடைப் பெண்ணும் மறுக்க முடியாத ரசீது. அவள் மேல் கோபம் வேண்டாம். நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் பிள்ளை, தன் கடைச் சரக்கு சிறியது என்று சொல்ல வேண்டியதை உங்கள் உடம்பு பெரியது என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த முறை போகும்போது உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சுடிதாரை விரித்து, அக்குளுக்கு அக்குள், கைச்சுற்று, பேன்ட்டின் சீட் ஆகிய மூன்றை அளந்து ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடையில் உடையை மேசையில் விரித்து அந்த மூன்றையும் ஒப்பிடுங்கள். எழுத்து எம்மோ மூன்று எக்ஸோ, பார்க்கவே வேண்டாம். உறுத்தினால் வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டைக் கத்தரித்து எறிந்துவிடுங்கள். நான் எல்லாவற்றிலும் கத்தரித்துவிடுவேன். கழுத்தில் அரிப்பும் மிச்சம்.

குறைந்துவிடுவோம் என்று நம்பிச் சிறிய உடை வாங்கி வைக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அது பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கடன்காரனைப் போல எதிரே நிற்கும். அந்தக் கெடுவுக்குப் பயந்து திருமணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் பட்டினி கிடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கும் உங்களுக்கு அது ஆகவே ஆகாது. இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் விலையுயர்ந்த ஆயத்த உடை எதையும் எடுக்காமல் இருப்பதே சிக்கனம். நாடா வைத்த பேன்ட்டும், பிடித்துத் தைத்த பழைய சுடிதார்களுமே போதும். இரண்டு இஞ்சு வரை பக்கத்தில் பிடித்தால் வடிவம் கெடாது, அதற்குமேல் என்றால் தோள் இறங்கித் தொங்கும், பிரித்து மறுபடி வெட்ட வேண்டும். இணைச்சீருக்கு நீங்கள் உடுத்தப் போவது சேலைதான், அதற்கு அளவே இல்லை. சேலையை இப்போதே எடுத்துவிடுங்கள். ஜாக்கெட் துணியை மட்டும் தண்ணீரில் நனைத்து உலர்த்தி வைத்துக்கொண்டு, மார்கழி கடைசியில் தைக்கக் கொடுங்கள். தை முகூர்த்தத்துக்கு டெய்லர்கள் கை நிறைய வேலையோடு இருப்பார்கள் என்பதால் தேதியை இப்போதே சொல்லி வைப்பது நல்லது. பக்கத்தில் உள்துணி ஓர் இஞ்சு விட்டு, மூன்று தையல் ஓட்டித் தரச் சொல்லுங்கள்.

மாற்றாமல் வந்த அந்தச் சுடிதாரை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கையிலும் பக்கத்திலும் அரை இஞ்சு உள்துணி இருந்தால் உங்கள் ஊர் டெய்லர் பத்து நிமிடத்தில் பிரித்துவிட்டுத் தந்துவிடுவார். ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் ஓவர்லாக் தையலைப் போட்டு ஒட்ட வெட்டியிருந்தால் அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அதே நிறத்துக்கு, பேன்ட்டின் கீழ் மடிப்பிலிருந்து கொஞ்சம் துணி எடுத்துக்கொள்ளலாம்.