பின்வளவில் ஊர்க்கோழி: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கோழி வளர்ப்புப் பற்றி நமக்கு எளிதிற் கிடைக்கும் குறிப்புகளிற் பெரும்பாலானவை குளிர்நாட்டவர் தமக்காக எழுதிக்கொண்டவை. குளிரிலிருந்து பறவையைக் காப்பதே அவற்றின் முதற் கவலை. மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான கொழும்பில், கோழியைக் கொல்வது பெரும்பாலும் ஈரந்தான். இம்முறை வந்த கேள்விகளைப் படித்தபோது அவற்றிற் பாதிக்கு மேல் அந்த ஈரத்திலேயே போய் முடிவதைக் கண்டேன்.

வத்தளையிலிருந்து ஒரு வாசகி: அடைக்கோழியின் கீழ் 12 முட்டை வைத்தோம். ஐந்து மட்டுமே பொரித்தன, மீதி ஏழும் கூழாகிவிட்டன. அந்த நாட்களில் மாலைதோறும் இடி இடித்தது. கூடைக்குள் இரும்புத்துண்டும் கரியும் போடாததே காரணம் என்கிறார் மாமி. உண்மையா?

மாமி சொன்னதைச் செய்வதால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் கூழ்முட்டைக்குக் காரணத்தை வானத்தில் தேடுவதற்கு முன், அந்த 12 முட்டைகளையும் எத்தனை நாட்களாகச் சேர்த்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஊர்க்கோழி ஒரு நாள் விட்டு ஒரு நாளும், சில சமயம் தொடர்ந்து இரண்டு மூன்று நாளும் இடும். ஒரே கோழியின் முட்டைகள் என்றால் முதல் முட்டை அடைக்குப் போகும்போது அதற்கு இரண்டு வாரத்திற்கு மேல் வயதாகியிருக்கும்.

கருவுள்ள முட்டை அடைக்கோழியின் சூடு கிடைத்தால்தான் வளரத் தொடங்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் 20 பாகையைச் சற்றுத் தாண்டினாலே கரு மெல்ல அசையத் தொடங்கிவிடும். நமது சமையலறைத் தட்டில் பகலில் 30 பாகை இருக்கும். அந்த வெப்பத்தில் கரு முழுமையாக வளரவும் முடியாமல், உறங்கிக் கிடக்கவும் முடியாமல் நலிந்து இறக்கிறது. குளிர்சாதனப் பெட்டியோ அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. நம் பாட்டிமார் ஈரமணலின் மேல் மண்சட்டியை வைத்து, அதற்குள் உமி பரப்பி முட்டையை அடுக்கியது இதற்கு மிகப் பொருத்தமான வழி. மணல் காயக் காயச் சிறிது தண்ணீர் தெளித்தால் சட்டி அறையைவிடக் குளிர்ந்திருக்கும். கூரான முனை கீழே இருக்கட்டும். முட்டையைக் கழுவக் கூடாது, ஏனெனில் ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய காப்புப்படலம் தண்ணீரோடு போய்விடும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் திகதியை எழுதி, கடைசி ஐந்தாறு நாள் முட்டைகளை மட்டும் அடைக்கு வையுங்கள். எட்டு முட்டை வைத்து ஏழு பொரிப்பது 12 வைத்து ஐந்து பொரிப்பதைவிட இலாபம்.

ஏழாம் நாள் இரவில் ஒரு சோதனை செய்யலாம். கடதாசி அட்டையைக் குழாயாகச் சுருட்டி, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தின் மேல் நிறுத்தி, முட்டையின் அகன்ற முனையை அதன் வாயில் வையுங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்கள் போலப் பிரியும் செந்நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் கருவில்லாத முட்டை. நரம்புகள் இன்றி ஒரு செவ்வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இவ்விரண்டையும் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அழுகிய ஒரு முட்டை கூட்டில் வெடித்தால் மற்றவையும் பாழாகும்.

இடியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடியோடு வரும் சாரல் கூடையை நனைத்தால், அல்லது மிரண்ட கோழி எழுந்து நெடுநேரம் திரும்பாவிட்டால், முட்டை குளிர்ந்து கெடலாம். கூடையைச் சாரல் படாத, சற்று இருண்ட மூலைக்கு மாற்றுங்கள்.

இராஜகிரியவிலிருந்து: சிறிய மின் அடைகாப்பான் வாங்கினேன். கையேட்டில் சொன்னபடியே தண்ணீர்த் தட்டை நிரப்பி வைத்தும், முழுதாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தன.

கையேடு வறண்ட நாட்டுக்கு எழுதப்பட்டது. 30 பாகையில் 75 சதவீத ஈரப்பதம் கொண்ட நமது அறைக்காற்று 37.5 பாகைக்குச் சூடேறும்போது, அதன் ஈரப்பதம் தானாகவே ஏறத்தாழ 50 சதவீதத்தில் வந்து நிற்கிறது. முதல் 18 நாட்களுக்குத் தேவையான அளவும் கிட்டத்தட்ட அதுவே. அதன் மேல் தட்டையும் நிரப்பினால் முட்டையிலிருந்து போக வேண்டிய நீர் போகாது, உள்ளே காற்றறை பெரிதாகாது, குஞ்சு முதல் மூச்சை இழுக்க இடமின்றித் திணறிவிடும். முதல் 18 நாட்களும் தட்டைக் காலியாக விட்டு, ஈரமானியைப் பார்த்துக்கொண்டு, கடைசி மூன்று நாட்களுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி 65 முதல் 70 சதவீதம் வரை உயர்த்துங்கள். முட்டைகளைத் திருப்புவதையும் 18ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும்.

எனினும், பத்து முட்டைக்காக இயந்திரம் வாங்குவோரை நான் ஊக்குவிப்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது எத்தனை வீடுகளில் அடைமுட்டைகள் குளிர்ந்து போயின என்பதை அப்போது என்னிடம் பேசியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடைக்கோழிக்கு மின்சாரம் வேண்டாம். பொரித்த பின் சூடு கொடுக்கவும், எதைக் கொத்த வேண்டும் என்று காட்டிக்கொடுக்கவும் அது கூடவே இருக்கும்.

மட்டக்குளியிலிருந்து: ஓட்டில் துளையிட்ட குஞ்சு பத்து மணி நேரமாக வெளியே வரவில்லை. ஓட்டை உடைத்து உதவலாமா?

வேண்டாம். முதல் துளைக்குப் பின் 24 மணி நேரம் வரை ஆவது இயல்பு. அந்த நேரத்தில் ஓட்டின் உட்தோலில் ஓடும் இரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்புகிறது, மஞ்சட்கருவின் மிச்சம் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசியும். அந்த மஞ்சட்கருவே பொரித்த குஞ்சை இரண்டு நாள் தாங்கும் என்பதால் உடனே தீனி கொடுக்கவும் அவசரம் இல்லை.

தெஹிவளையிலிருந்து: நான்கு வாரக் குஞ்சுகள் இறகைத் தொங்கவிட்டுக் குனிந்து நிற்கின்றன. எச்சத்தில் இரத்தம் தெரிகிறது. மஞ்சளும் உள்ளியும் அரைத்துக் கொடுத்தும் குறையவில்லை. இயற்கை முறையிலேயே வளர்க்க விரும்புகிறோம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இரத்தக் கழிச்சலுடையவை. ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடற்சுவரைச் சிதைப்பதால் வருவது அது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளையே அதிகம் தாக்கும். மஞ்சளும் உள்ளியும் இதைத் தீர்க்கமாட்டா. இன்றே ஒரு மிருக வைத்தியரிடம் எச்சத்தைக் காட்டி, அவர் சொல்லும் அளவில் அம்புரோலியம் போன்ற மருந்தைக் குடிநீரில் கொடுங்கள். இயற்கை முறை என்பது நோய் வந்த பின் மருந்தை மறுப்பதாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குஞ்சுக்கு இரண்டு நாள் தாமதமே போதும், அதற்குள் இறந்துவிடும்.

இயற்கை முறை தன் வேலையைக் காட்ட வேண்டிய இடம் கூட்டின் தரை. எச்சத்தோடு வெளியேறும் ஒட்டுண்ணி முட்டை உடனே நோயைப் பரப்பாது. சூடும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து, பிறகே தொற்றும் நிலைக்கு வரும். கொழும்பின் மழைக்காலத் தரை அதற்கென்றே செய்தது போல இருக்கிறது. ஆகவே அந்த ஓரிரு நாளை அதற்குக் கொடுக்காமலிருப்பதே நமது வேலை. உமியை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் பரப்பி, தினமும் கிளறி, தண்ணீர் சிந்திய இடத்தை அன்றே அள்ளி எறியுங்கள். ஒரு பிடி உமியை இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால் அது உதிர வேண்டும். கட்டியாக நின்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. தண்ணீர்ப் பாத்திரத்தை ஒரு செங்கல் உயரத்தில் வைத்தாலே பாதி ஈரம் குறையும். பகலில் தாயையும் குஞ்சுகளையும் கரப்புக் கூடையால் மூடி வைப்பவர்கள், கரப்பை ஒவ்வொரு நாளும் புதிய இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து: டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் கோழியின் தண்ணீர்ச் சட்டியைக் கண்டு எச்சரித்துச் சென்றார்கள். கோழிக்கும் நுளம்புக்கும் என்ன தொடர்பு?

அவர்கள் எச்சரித்தது நியாயம். டெங்கு நுளம்பு தெளிந்த, அசையாத தண்ணீரில் முட்டையிட்டு ஏறத்தாழ ஒரு வாரத்தில் பறக்கத் தொடங்கும். தினமும் சட்டியைக் கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சிக்கல் எழாது. மேலும், கோழி அம்மையையும் நுளம்புகள் பறவைக்குப் பறவை கொண்டுசெல்கின்றன. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்த பின் வேப்பிலையும் மஞ்சளும் பூசுவது புண்ணுக்கு இதமாக இருக்கலாம், நோயைத் தடுக்காது. ஆறாவது வார அளவில் இறகுச் சவ்வில் குத்தும் தடுப்பூசியே தடுக்கும். ராணிக்கெட் நோய்க்குரிய சொட்டு மருந்தை முதல் வாரத்திலேயே கண்ணில் விட வேண்டும். இம்மருந்துகள் நூறு பறவைக்கும் அதற்கு மேலும் போதுமான குப்பிகளில் வருவதாலும், கலந்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டியிருப்பதாலும், அயலில் கோழி வைத்திருப்போர் ஒரே நாளில் ஒன்றுசேர்ந்து போடுவது நல்லது. அரச மிருக வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அடையை முறிக்கக் கோழியின் மூக்கில் இறகைக் குத்துவார்கள், தண்ணீரில் முக்குவார்கள். செய்யலாமா?

இரண்டும் வதை. அடியில் காற்றோடும் கம்பிக்கூட்டில், வைக்கோல் எதுவும் இன்றி, தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். அடிவயிற்றின் சூடு தணிந்தால் அடை தானாக முறியும்.

கொலன்னாவையிலிருந்து: எட்டுக் குஞ்சுகள் பத்து நாளில் மூன்றாகிவிட்டன. இரவில் கூட்டைப் பூட்டுகிறோம், வலையும் அடித்திருக்கிறோம். ஒருநாள் காலை ஒரு குஞ்சின் கால் மட்டும் வலையோரம் கிடந்தது. எது வருகிறது?

கால் மட்டும் வலையோரம் கிடந்தது என்பதே பாதி விடை. வலையில் சாய்ந்து உறங்கிய குஞ்சை ஏதோ ஒன்று வெளியிலிருந்து பற்றி இழுத்திருக்கிறது. பூனையும் மரநாயும் அப்படிச் செய்யும். இறகு கூட மிஞ்சாமல் இரவில் ஒன்று குறைந்தால் பாம்பை அல்லது எலியை நினையுங்கள். பகலில் குறைந்தால் காகம், பருந்து, கீரி. பல கோழிகள் கொல்லப்பட்டு, தின்னப்படாமல் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் தெருநாய்.

ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்த ஈரநிலங்களின் ஓரத்தில் வாழும் உங்களுக்குக் கபரகொயா என்னும் நீருடும்பும், எப்போதாவது மீன்பிடிப் பூனையும் அயலவர்கள்தாம். இவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பொறி வைப்பதோ நஞ்சு வைப்பதோ குற்றம், அதோடு பயனற்றதும் கூட, ஏனெனில் ஒன்று போன இடத்துக்கு இன்னொன்று வரும். கூட்டைத் திருத்துவதே வழி.

நீங்கள் அடித்திருப்பது கடைகளில் கோழிவலை என்று விற்கும் அறுகோண வலையாக இருந்தால், அது கோழியை உள்ளே வைத்திருக்கும், பகைவனை வெளியே வைத்திருக்காது. ஒரு காலத்தில் ஒரு அங்குலக் கண்ணே போதும் என்று நம்பி, ஒரே இரவில் ஏழு குஞ்சுகளை எலிக்குக் கொடுத்தவன் நான். காலையில் கூட்டைத் திறந்தபோது தாய்க்கோழி ஒன்றும் நடவாதது போல நின்றுகொண்டிருந்தது. தீன் வாளியை நகர்த்தினேன். வலையும் தரையும் சந்திக்கும் இடத்தில், என் கட்டைவிரல் மட்டும் நுழையக்கூடிய ஓர் இடைவெளியில், தவிட்டு நிறத் தூவி ஒட்டிக்கொண்டிருந்தது. வாளியை அங்கே வைத்ததும் நான்தான்.

அரை அங்குலக் கண்ணுள்ள ஒட்டுக்கம்பி வலையைப் பயன்படுத்துங்கள். தரையிலிருந்து இரண்டடி வரை உட்புறமாகப் பலகை அடித்தால், உறங்கும் குஞ்சு வலையில் சாயாது. சதுப்புத் தரையில் ஆழமாகத் தோண்டி வலையைப் புதைக்க முடியாது. அதற்குப் பதிலாகக் கூட்டைச் சுற்றி வெளிப்புறமாக ஒன்றரை அடி அகல வலையைத் தரையிலேயே விரித்து, செங்கல் பரப்பிவிடுங்கள். தோண்டும் விலங்கு சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும், ஒன்றரை அடி பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றாது. தீனியை இரவில் கூட்டுக்குள் விடாதீர்கள், எலி தேடி வருவது தீனிக்காக, எலியைத் தேடி வருவது சாரைப்பாம்பு. வெறும் கொக்கிக்குப் பதிலாகச் சுழற்றிப் பூட்டும் தாழ்ப்பாள் போடுங்கள். பகற்பகைக்கு, குஞ்சுகளுக்கு எட்டு வாரம் ஆகும் வரை மேலே பழைய மீன்வலையைக் கட்டலாம். நிரந்தர ஏற்பாடு வேண்டுமெனில் கொடித்தோடைப் பந்தல் போடுங்கள். பருந்தின் கண்ணையும் நண்பகல் வெயிலையும் ஒருசேர மறைக்கும். சூரியன் மறைந்து கால் மணி நேரத்துக்குள் எண்ணிப் பார்த்துக் கதவை அடைப்பது ஒரே ஆளின் பொறுப்பாக இருக்கட்டும். வீட்டில் இரண்டு பேர் பொறுப்பு என்றால், மற்றவர் அடைத்திருப்பார் என்ற நினைப்பில் கதவு திறந்தே கிடக்கும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: அயலவர் சேவல் கூவுவதை விரும்பவில்லை. சேவல் இல்லாமல் முட்டையும் குஞ்சும் பெற முடியுமா?

முட்டை பெற முடியும். பேடு இடுவதற்குச் சேவல் தேவையில்லை. ஆனால் அம்முட்டை பொரிக்காது. சுப்பர் மார்க்கெட்டில் வாங்கும் முட்டையும் அப்படித்தான், சேவலே இல்லாத பண்ணையிலிருந்து வருவது. உங்கள் பேடு அடை கிடக்கும்போது, சேவல் வைத்திருக்கும் ஒருவரிடம் இட்டு இரண்டு நாளுக்கு மேற்படாத ஆறு முட்டைகளை வாங்கி, இரவில் அதன் கீழே வைத்துவிடுங்கள், அது ஏற்றுக்கொள்ளும். பொரிப்பவற்றில் ஏறத்தாழப் பாதி சேவற் குஞ்சுகளாக இருக்கும். நான்காவது ஐந்தாவது மாதத்தில் அவை கூவத் தொடங்கும் முன் வாங்கிக்கொள்ள ஒருவரைப் பேசி வைத்துக்கொண்டு, அதன் பிறகு அடை வையுங்கள்.