நிஷி-கசாயில் விரைவு வண்டி நிற்காது என்கிறார்களே, வீடு எடுக்கலாமா?

கேள்வி: வேலை மாற்றலாகி டோக்கியோ வந்திருக்கிறேன். அலுவலகம் ஓத்தெமாச்சியில். நிஷி-கசாய் ஸ்டேஷன் பக்கத்தில் வீடு பார்த்திருக்கிறோம். அங்கே விரைவு வண்டி நிற்காது, உராயாசுவில் பாருங்கள் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? மாதச் சீட்டு எடுப்பதா, பாஸ்மோ அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டே போவதா?

பதில்: நண்பர் சொல்வது உண்மைதான், ஆனால் உங்களுக்கு அதனால் நஷ்டமில்லை. நிஷி-கசாயும் ஓத்தெமாச்சியும் இருக்கும் தோசாய் மெட்ரோ பாதையின் விரைவு வண்டி உராயாசுவை விட்டால் தோயோச்சோவில்தான் நிற்கும். அதற்கப்புறம் ஓத்தெமாச்சி வரை எல்லா நிறுத்தத்திலும் நின்றுதான் போகும். நிஷி-கசாயிலிருந்து பார்த்தால் அது தாண்டிப்போவது மினாமி-சுனாமாச்சி என்ற ஒரே ஒரு நிறுத்தம். காலை நெரிசல் நேரத்தில் நகரத்தை நோக்கி ஓடும் விரைவு வண்டியோ வேறு வகை. அது உராயாசுவிலிருந்து எல்லா நிறுத்தத்திலும் நிற்கும், நிஷி-கசாயிலும்தான். இதற்காக ஆற்றைத் தாண்டி சிபா மாகாணத்துக்குக் குடிபோக வேண்டியதில்லை.

கவனம் தேவைப்படுவது மாலையில். ஓத்தெமாச்சியில் அவசரத்தில் விரைவு வண்டியில் ஏறிவிட்டால் உங்கள் ஸ்டேஷனை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே உராயாசு போய்ச் சேருவீர்கள். தோயோச்சோவில் இறங்கி மாறலாம் என்றால் அதிலும் லாபமில்லை. சாதாரண வண்டியை விரைவு வண்டி முந்துவது உங்கள் ஸ்டேஷனையும் தாண்டி, கசாயில்; அதனால் தோயோச்சோவில் இறங்கினால் பின்னால் வரும் சாதாரண வண்டிக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

உண்மையான தொல்லை கூட்டம். உங்கள் வழியில் தோயோச்சோவை அடுத்து வரும் கிபாவுக்கும் மொன்சென்-நாக்காச்சோவுக்கும் இடையே காலை 7.50 முதல் 8.50 வரைதான் உச்சம். 2019 நிதியாண்டில் அங்கே நெரிசல் 199 சதவீதம், அதாவது கொள்ளளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொரோனாவுக்குப் பிறகு குறைந்திருக்கிறது, ஆனாலும் சுகமான பயணம் என்று சொல்ல மாட்டேன். ஏறி இறங்கும் நேரத்தைக் குறைக்கவே இந்தப் பாதையில் சில வண்டிகளுக்கு 1.8 மீட்டர் அகலக் கதவு வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகம் அனுமதித்தால் நிஷி-கசாயில் 7.30-க்குள் ஏறிவிடுங்கள், இல்லையென்றால் 9 மணிக்குப் பிறகு. முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். மனைவியும் வேலைக்குப் போகிறார் என்றால், வார நாள் காலையில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு; நடைமேடையிலேயே குறித்திருக்கும்.

மாதச் சீட்டு, இங்கே சொல்வதுபோல் 'தெய்கி', தினமும் அலுவலகம் போகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் அந்தச் செலவைக் கொடுத்துவிடும். முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். 6 மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மலிவு. வாரம் இரண்டு நாள்தான் அலுவலகம் என்றால் கட்டுப்படியாகாது.

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதியும் உண்டு. நிஷி-கசாயை விட்டதும் வண்டி அராகாவா ஆற்றைத் திறந்தவெளிப் பாலத்தில் கடக்கும். 1978 பிப்ரவரியில் அங்கே சுழல்காற்றில் ஒரு வண்டியின் பெட்டிகள் கவிழ்ந்தன. பலத்த காற்று அடித்தால் இன்றும் வண்டிகள் மெதுவாகும், நின்றும்போகும். சேவை தடைபட்டு 'ஃபுரிகாயே', அதாவது மாற்றுப் பாதைப் பயணம், அறிவித்தால், தெய்கி வைத்திருப்பவர் குறிப்பிட்ட மாற்றுப் பாதைகளில் கூடுதல் கட்டணமின்றிப் போகலாம். பாஸ்மோவில் ஏற்றிய பணத்தில் பயணிக்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது, கைக்காசுதான். அப்படிப்பட்ட நாளில் தாமதச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மேலதிகாரி எதிர்பார்ப்பார்.