மத்தேராவில் குகை வீடு: பதிவு செய்யுமுன் படிகளை எண்ணச் சொல்லுங்கள்

கேள்வி: அக்டோபரில் இத்தாலி போகிறோம். தெற்கே மத்தேராவில், புதுப்பித்த பழைய குகை வீட்டு விடுதியில் மூன்று இரவு அமைதியாகத் தங்க ஆசை. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. எதைப் பார்த்து அறை எடுப்பது?

பதில்: நல்ல ஊரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 'சாஸ்ஸி' எனப்படும் இந்தக் குடியிருப்புகளில் ஒரே குகைக்குள் குடும்பமும் கழுதையும் கோழியும் சேர்ந்து வாழ்ந்தன. 1952இல் வந்த சட்டத்தால் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1986இல் இன்னொரு சட்டம் புதுப்பிப்புக்கு வழிவிட்டது. 1993இல் சாஸ்ஸி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பழைய தீவனத் தொட்டியையும் சுவர் மாடத்தையும் அப்படியே விட்டுவைத்திருக்கும் விடுதியாகப் பாருங்கள். சுண்ணாம்பு அப்பி ஒரே வெள்ளையாக்கிய அறையில் அந்த வாழ்க்கையின் தடமே இருக்காது.

இங்கே அமைதிக்குக் காரணம் பாறையும், வண்டி நுழையாத சந்துகளும். உங்களுக்குச் சிரமம் தரப்போவதும் அவைதான். அதனால் விடுதிக்கு முதலில் இப்படி எழுதிக் கேளுங்கள்: "டாக்சி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி?" அறைக்குள் இருக்கும் படிகளையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள், குளியலறை பெரும்பாலும் ஒரு மட்டம் மேலேயோ கீழேயோ இருக்கும். பெட்டியைத் தூக்க ஆள் உண்டா என்றும் கேளுங்கள். சாஸ்ஸியில் இரண்டு பகுதிகள்: சாஸ்ஸோ காவேயோஸோ, சாஸ்ஸோ பாரிசானோ. காவேயோஸோ அழகு, ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம். உங்கள் மனைவிக்கு சாஸ்ஸோ பாரிசானோவில், ஃபியோரெந்தினி தெருவை ஒட்டிய அறைதான் நல்லது. கொஞ்சம் நடமாட்டம் கேட்கும். முழங்காலுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஈரம். அந்தப் பாறை மிருதுவான சுண்ணாம்புக் கல். நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மலையைக் குடைந்த ஆழ்ந்த அறைக்கு வாசல் பக்கம் மட்டுமே காற்று வரும். குகைக்கு முன்னால் கல் அடுக்கி, வளைந்த கூரையோடு கட்டிய அறைக்கு 'லாமியோனே' என்று பெயர். ஜன்னல் வைத்த லாமியோனே கிடைத்தால் அதையே எடுங்கள். தரைக்கடியில் சூடேற்றும் வசதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், அக்டோபர் இரவுகள் குளிரும்.

மாதம் சரிதான். ஜூலை 2 புரூனா மாதா திருவிழா. ஊரே வாணவேடிக்கையில் அதிரும், அன்று அமைதியைத் தேடிப் போகக் கூடாது.

சைவம் சாப்பிடுபவர்கள் என்றால் 'ஃபாவே எ சிகோரியா' கேளுங்கள்: உலர்ந்த ஃபாவா அவரையை மசித்து, லேசாகக் கசக்கும் கீரையோடு தருவார்கள். மத்தேரா ரொட்டியைப் பிட்டுத் தொட்டுக்கொண்டால் இரவுச் சாப்பாட்டுக்கு அதுவே போதும்.