ஏழரை ஆழாக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சேரன்மகாதேவி பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறேன். சென்ற மாதம் ஒரு வாரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகள் கையால் செய்து பார்த்தே கற்கட்டும் என்று விட்டேன். திங்களன்று பின்னம். படியும் ஆழாக்கும் கொண்டுவந்து அரிசி அளந்தார்கள். ஒரு குழுவுக்குப் படிக்கு ஏழரை ஆழாக்கு வந்தது, இன்னொரு குழுவுக்கு எட்டரை. வகுப்பே சிரித்தது. "எட்டு" என்று நானே கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் மண்பானையையும் எவர்சில்வர் குடத்தையும் வைத்து ஆவியாதல். வியாழனன்று பத்தமடையிலிருந்து ஓர் ஆச்சி வந்து கோரைப்பாய் நெய்து காட்டினார். வெள்ளியன்று பெற்றோருக்குக் கண்காட்சி. அங்கே ஒரு தகப்பனார், "நோட்டில் ஒரு வரி கூட இல்லையே டீச்சர், வாரம் முழுக்க விளையாட்டுதானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரம் வீண்தானா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஏழரை என்றதும் பிள்ளைகள் சிரித்ததில் வியப்பில்லை. நம் ஊரில் அந்த எண்ணுக்குச் சனீஸ்வரன் காவல் இருக்கிறார். ஆனால் உங்கள் வாரத்திலேயே உருப்படியாக நடந்தது அந்த ஏழரைதான். அதைத்தான் அவசரப்பட்டு அழித்துவிட்டீர்கள்.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டு என்ற விடை இந்த வாய்பாட்டிலேயே இருக்கிறது. அதற்கு அரிசி எதற்கு? அரிசியைக் கையில் எடுத்த பிறகுதான் ஏழரை வரும். ஆழாக்கைக் குவித்து அளந்து, படியை மட்டும் தலைதட்டியிருப்பார்கள். எட்டரைக்காரர்கள் படியைக் குலுக்கி, அமுங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டிருப்பார்கள். நெல்லாகக் கூலி வாங்கிய காலத்தில் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது வயிற்றுக் கேள்வி. அந்த வழக்கு உங்கள் வகுப்பில் பத்து நிமிடம் நடந்திருக்க வேண்டும். நீங்கள் விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

இன்னொன்று. எட்டில் ஒன்றுக்கு நம்மிடம் அரைக்கால் என்ற சொல் இருக்கிறது. காலில் பாதி, பின்னப் பெருக்கல் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆழாக்கு என்பது அரைக்கால் படி. என் ஆச்சி மூழாக்கு அரிசி போடு என்பார். அது மூன்று ஆழாக்கு என்று எனக்குப் புரிந்தது கல்லூரியில் படிக்கும்போது. பள்ளியில் நான் கற்ற பின்னம் எல்லாம் வட்டத்தை வெட்டி வண்ணம் தீட்டியதுதான்.

பானை விஷயத்திலும் அதே அவசரம் தெரிகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருந்தால் "மண் குளிர்ச்சி" என்று பிள்ளைகள் சொல்வார்கள், நீங்கள் "ஆவியாதல்" என்பீர்கள். சொல்தான் மாறும். காருகுறிச்சிப் பானைகள் இரண்டு வாங்குங்கள். ஒன்றின் வெளிப்புறத்தைப் பாலித்தீன் தாளால் இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள், மற்றது அப்படியே இருக்கட்டும். மண் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான், ஆனால் சுற்றிய பானை சரியாகக் குளிராது. பானைக்கு வியர்த்து, அந்த வியர்வை காற்றில் போனால்தான் குளிரும் என்பதை அப்போது பிள்ளைகளே சொல்வார்கள். காலையிலும் மாலையிலும் பானையை எடைபோட்டால் போன தண்ணீருக்குக் கணக்கும் கிடைக்கும். சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் இதையே திரும்பச் செய்து பாருங்கள். ஈரக்காற்றில் பானை அவ்வளவாகக் குளிராது. ஏன் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஆச்சி நெய்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள், நல்லது. ஒவ்வொருவரும் நாலு கோரையாவது கோத்துக் கெடுத்திருந்தால் இன்னும் நல்லது. கண்காட்சி பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அங்கே வைத்த தெர்மோகோல் மாதிரிகள் வீட்டில் அப்பா வெட்டிக் கொடுத்தவையாகத்தான் இருக்கும்.

கையால் செய்து கற்பது நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 1937இல் வார்தாவில் காந்தியின் ஆதாரக் கல்வி நூல் நூற்கும் தக்ளியைக் கையில் கொடுத்தது. 2007இல் நம் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கெல்லாம் செயல்வழிக் கற்றல் அட்டைகளோடு வந்தது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்த சில வகுப்புகளில் அட்டையை முடிப்பதே பாடமாகிவிட்டிருந்தது. கை வேலை செய்துகொண்டிருக்கும், மனம் மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தத் தகப்பனாரைக் கோபிக்காதீர்கள், அவர் சொன்னதில் பாதி சரி. நோட்டில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அளப்பதற்கு முன்பே "எத்தனை ஆழாக்கு பிடிக்கும் என்று நினைக்கிறாய்?" என்று எழுத வைத்துவிடுங்கள். பேனாவால், அழிக்க முடியக்கூடாது. அளந்த பின் வந்ததைக் கீழே எழுதட்டும். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் மூன்றாவது வரி. அவர் மறுபடி வந்தால் அந்த மூன்று வரியைக் காட்டுங்கள்.

ஏழரைக் குழுவை மறுபடி கூப்பிடுங்கள். அரிசி வேண்டாம், தண்ணீர் கொடுங்கள். தண்ணீரைக் குவிக்கவும் முடியாது, குலுக்கி அமுக்கவும் முடியாது. அதிலும் எட்டு வராவிட்டால், படி யார் வீட்டிலிருந்து வந்தது, ஆழாக்கு யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த கதையும் லிட்டர் எதற்கு வந்தது என்பதும் அங்கே காத்திருக்கின்றன. என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.